கண்டக்டர் எண்ணும் தலைகள்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அங்கே குளிர் ஆரம்பித்துவிட்டதாகப் போன வாரம் சொன்னாய். காதை மூடிக்கொண்டு வெளியே போ. படித்ததும் சிரிப்பாய் என்று தெரியும். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை ஒரு கேள்வி அனுப்பியிருந்தாய். "அம்மா, நம்ம கண்டக்டர் மாதிரியே ஒரு நாய்க்குட்டி கிடைக்குது. எங்க வீட்டுக்கு ஒத்து வருமா? எதையும் அளந்து பாக்கிறவ நீதானே, ஒரே வரியில சொல்லு" என்று. ஒரே வரியில் சொல்ல எனக்கு வரவில்லை. மூன்று முறை எழுதி அழித்தேன். வீட்டிலிருந்து பேசலாம் என்றால் நம் வீட்டில் இப்போது எந்தப் பேச்சும் எல்லார் காதிலும் விழும். ஆகவே அலுவலகத்தில், சாப்பாட்டு நேரத்தில், பழைய கால அட்டவணையின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். தாளைத் திருப்பினால் பதினான்காம் எண் பேருந்து எப்போது எங்கே நிற்கும் என்று தெரியும். உனக்கு அது உதவாது.

முதலில் நாயைப் பற்றி. அந்த வகை நாய் அழகுக்காகப் பிறந்தது அல்ல, வேலைக்காகப் பிறந்தது. ஆட்டு மந்தையை நாள் முழுக்கச் சுற்றிவந்து சேர்க்கும் வேலை. அந்த வேலையை நீ கொடுக்காவிட்டால் அது தானாகவே ஒரு வேலையைத் தேடிக்கொள்ளும். அது தேடிக்கொள்ளும் வேலை உனக்குப் பிடிக்காது. நம்முடையவன் முதல் வருஷத்தில் தேடிக்கொண்ட வேலைகள்: கூடத்துச் சுவரின் மூலையைச் சுரண்டிச் செங்கல் தெரிய வைத்தது, அப்பாவின் அளவு நாடாவைக் கடித்து இரண்டு மீட்டர் குறைத்தது, என் ஒரு ஜோடிச் செருப்பில் ஒன்றை மட்டும் தின்றது. "ரெண்டையும் தின்னிருந்தா புதுசு வாங்கிட்டுப் போயிருப்பே. ஒண்ணை விட்டு வெச்சதுலதான் அவன் புத்திசாலித்தனமே இருக்கு" என்று அப்பா அவனுக்காக வாதாடினார்.

ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரம் ஓட வேண்டும். நடந்தால் போதாது. அதோடு மூளைக்கும் வேலை வேண்டும். மழை, காய்ச்சல், விருந்தாளி, ஞாயிற்றுக்கிழமை எதுவும் அதற்குக் கணக்கில்லை. நீங்கள் இருப்பது மூன்றாம் மாடி. இருவரும் காலை எட்டுக்குப் போய் மாலை ஆறுக்கு வருகிறீர்கள். மாப்பிள்ளை சைக்கிள் ஓட்டுவார் என்று எழுதியிருந்தாய். அவர் ஞாயிறு மட்டும் ஓடும் சிறப்புப் பேருந்து; அதை நம்பி யாரும் தினசரிப் பயணச்சீட்டு வாங்க மாட்டார்கள். இதை அவரிடம் படித்துக் காட்டாதே. அல்லது காட்டு, அவர் கோபித்துக்கொள்ளும் ஆள் இல்லை.

ஆசையை வைத்து முடிவெடுக்காதே. நாங்கள் செய்த மாதிரி ஆறு வாரம் எழுதிப் பார். உனக்கு நினைவிருக்கிறதா? ஆட்டுப்பண்ணைக்காரம்மா குட்டியைக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு படிவம் கொடுத்தார். "உங்கள் வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை நிமிடம் உடற்பயிற்சி?" என்று அதில் ஒரு கேள்வி. அப்பா யோசிக்காமல் 'இரண்டு மணி' என்று எழுதப் போனார். நான் பேனாவைப் பிடுங்கினேன். உத்தேசமெல்லாம் கூடாது, அளந்து எழுதுவோம் என்றேன். அவர் என்னைப் பார்த்து, "ஒரு நாய்க்கு இவ்வளவு ஆராய்ச்சியா? நல்லவேளை, என்னைக் கட்டிக்கிட்டப்ப உன்கிட்ட ஸ்டாப்வாட்ச் இல்லை" என்றார்.

குளிர்பதனப் பெட்டியின் கதவில் தாளை ஒட்டினேன். மூன்று பத்திகள்: அவர், நான், நீ. நீ கல்லூரிக்குப் பேருந்தைப் பிடிக்க ஓடிய ஒன்பது நிமிடத்தை உடற்பயிற்சி என்று எழுதினாய். நான் அடித்தேன். மறுநாள் மறுபடி எழுதி, பக்கத்தில் 'மூச்சு வாங்கியது, சாட்சி உண்டு' என்று குறிப்பும் போட்டாய்.

அந்தத் தாளை நான் எறிந்திருக்க மாட்டேன். இன்று வீட்டுக்குப் போய்த் தேடி எடுத்து, மாதிரிக்காக இதோடு இணைத்து அனுப்புகிறேன். அதைப் பார்த்து நீயும் கட்டம் போட்டுக்கொள்.

மணி இரண்டாகிறது. மேலாளர் இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை.

இரண்டு நாள் எழுதவில்லை. தாள் கிடைத்தது.

ஆனால் இணைத்து அனுப்பவில்லை. ஏன் என்று சொல்வதற்கு முன், நான் கொடுத்திருக்கும் ஒரு வாக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீ ஊருக்குக் கிளம்பிப் போன இரண்டாம் வாரத்திலேயே அப்பா என்னிடம் வாங்கிய வாக்கு. "அவகிட்ட என் உடம்பைப் பத்தி ஒரு வார்த்தை பேசக்கூடாது. புது வேலை, புது வாழ்க்கை. பெரிய மனுஷி பாதியில எல்லாத்தையும் போட்டுட்டு ஓடி வந்துடுவா" என்றார். சரி என்றேன். பதினெட்டு மாதமாக அதைக் காப்பாற்றியும் வந்திருக்கிறேன். ஆனால் நாயைப் பற்றிப் பேசக்கூடாது என்று அவர் சொல்லவில்லை. நீ கேட்டிருப்பது, இந்த வகை நாய் ஒரு வீட்டுக்கு ஒத்து வருமா என்று. அதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டுமானால் இந்த வீட்டின் இன்றைய கணக்கை நான் சொல்லியாக வேண்டும். அதைத்தான் சொல்கிறேன்.

நான்: எழுபது நிமிடம். நம்ப மாட்டாய். மூன்றரை வருஷத்துக்கு முன்னால் பதினொன்றாக இருந்தவள். காலையில் கால்வாய்க் கரையில் ஓட்டமும் நடையுமாகப் போய் வருகிறேன். ஓட்டம் என்று நான் சொல்வதை கண்டக்டர் ஒப்புக்கொள்வதில்லை. முன்னால் போய் உட்கார்ந்துகொண்டு நான் வந்து சேரும்வரை வேறு பக்கம் பார்க்கிறான்.

எங்கள் டிப்போவில் 'ஓவர்டேக்' என்று பட்டப்பெயர் உள்ள ஓட்டுநர்: நாற்பது நிமிடம். காலை ஷிப்ட் முடிந்ததும் சைக்கிளில் வந்து அவனை மைதானத்துக்குக் கூட்டிப் போகிறார். கேட்காமலே தானாக வந்தவர். "மேடம், உங்க கண்டக்டரை ஒரு நாள் என் வண்டிக்கு அனுப்புங்க. ஒருத்தன் படியில நிக்க மாட்டான், எல்லாரையும் உள்ளே தள்ளிடுவான்" என்பார் எப்போதும். அப்பாவும் அதற்காகத்தானே அந்தப் பெயரை வைத்தார்.

அப்பா: போன கோடையில் கட்டிலிலிருந்து வாசல் வரை, இரண்டு கையிலும் கோலோடு, ஆறு நிமிடம். மழை தொடங்கியபோது கட்டிலிலிருந்து ஜன்னல் வரை, என் தோளைப் பிடித்துக்கொண்டு, நான்கு நிமிடம். இந்த ஒன்பது வாரமாக அந்தக் கட்டத்தில் ஒரு கோடு மட்டும் போட்டு வருகிறேன்.

முழங்கால் தேய்மானம் இல்லை, கண்ணே. அப்படி உன்னிடம் சொன்னோம். நீ கிளம்பும்போது கையில் கோலோடு வாசலில் நின்றாரே, அன்றைக்கு எங்களுக்கும் அது முழங்கால்தான். பத்து நாள் கழித்துத்தான் நரம்பு மருத்துவர் சொன்னார். மூளையிலிருந்து தசைக்குப் போகும் நரம்புகள் ஒவ்வொன்றாக வேலையை நிறுத்திக்கொள்ளும் நோய். முதலில் இடது கால். பிறகு வலது. இப்போது கை. தொண்டையிலும் தொடங்கிவிட்டது. இதைத் திருப்பும் மருந்து இல்லை. நான் மூன்று மருத்துவர்களிடம் கேட்டேன். என் சுபாவம் உனக்குத் தெரியும். மூவரும் ஒன்றையே சொன்னார்கள்.

நாம் ஞாயிற்றுக்கிழமை கைப்பேசியில் படத்தோடு பேசும்போது அவர் இஸ்திரி போட்ட சட்டையோடு நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார் அல்லவா? அதற்கு முன்னால் எங்களுக்கு அரைமணி நேர வேலை இருக்கிறது. முதுகுக்கு மூன்று தலையணை, கழுத்துக்கு ஒன்று, கேமரா காலருக்குக் கீழே இறங்காதபடி இரண்டு அகராதிகள். போன மாதம் அவர் பேசும்போது வார்த்தைகள் இழுபட்டன. "இணைப்பு சரியில்லைம்மா, அப்பா பேசுறது விட்டு விட்டு வருது" என்றாய். ஆமாம் என்றேன். இணைப்பு நன்றாகத்தான் இருந்தது.

இனி அந்தத் தாள்.

நான் என்ன வேலை செய்கிறேன் என்பது உனக்குத் தெரியும். ஒரு பேருந்து ஒரே தடத்தில் ஓடிமுடிக்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்ப்பது. இருபத்து நான்கு வருஷமாக அது ஒன்றுதான். நாற்பத்தாறு நிமிடத்தில் முடிகிற தடம் நாற்பத்தெட்டானால், உடனே தொலைபேசியை எடுத்துக் கேட்பேன்: எங்கே பள்ளம், எந்தப் பாலத்தில் வேலை, எந்த வண்டிக்கு இன்ஜின் கோளாறு? ஓட்டுநர்கள் என் காதுபடவே சொல்வார்கள்: "அந்த மேடத்துக்கு ரெண்டு நிமிஷம்னா ரெண்டு கொலை."

அப்பா தினமும் ஓடியது ஒரே தடம். வீட்டிலிருந்து கால்வாய்க் கரை வழியாக நீரேற்று நிலையத்தின் இரும்பு வாசல் வரை போய், அதைத் தொட்டுவிட்டுத் திரும்புவது. சர்வேயர் அல்லவா, ஏழு கிலோமீட்டரும் இருநூறு மீட்டரும் என்று அவரே அளந்து வைத்திருந்தார். தாளில் முதல் வாரம் நாற்பத்தாறு, நாற்பத்தாறு, நாற்பத்தேழு. மூன்றாம் வாரம் நாற்பத்தொன்பது, ஐம்பது. ஆறாம் வாரம் ஐம்பத்து மூன்று. தூரம் மாறவில்லை. அவர் குறுக்கு வழியில் போகிறவரும் இல்லை, நின்று அரட்டை அடிக்கிறவரும் இல்லை. எண்கள் எல்லாம் என் கையெழுத்தில்தான் இருக்கின்றன. அவற்றுக்குக் கீழே, சிவப்பு மையில், நானே எழுதியிருக்கிறேன்: 'உடற்பயிற்சி நேரம் வாரத்துக்கு வாரம் ஏறுமுகம். நாய்க்கு ஏற்ற வீடு.'

படிவத்தில் கேட்டது நிமிடம். நான் நிமிடத்தைக் கூட்டினேன். நிமிடம் கூடக் கூட மகிழ்ந்தேன்.

அந்த மாதங்களில் அவருடைய இடது ஷூவின் நுனி மட்டும் தேய்ந்தது. "மட்டமான கம்பெனி" என்று வேறு வாங்கினார். அதுவும் இடதுதான் தேய்ந்தது. அதையும் பார்த்தேன். ஒரே ஷூவை மட்டும் விற்க மாட்டார்களா என்று நான் வேடிக்கையாகக் கேட்டதுகூட நினைவிருக்கிறது.

முன்பே தெரிந்திருந்தாலும் பெரிய வித்தியாசம் இருந்திருக்காது என்று மருத்துவர் அன்றே சொன்னார். புதன்கிழமையிலிருந்து அந்த 'பெரிய' என்ற சொல்லையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். சின்ன வித்தியாசம் எவ்வளவு இருந்திருக்கும்? ஒரு கோடைக்காலமா? உன் கல்யாணத்தில் உன்னோடு வாசல் வரை கோல் இல்லாமல் நடந்திருப்பாரா? அளக்க முடியாததைப் பற்றி யோசிப்பது எனக்குப் பழக்கமில்லை. கஷ்டமாக இருக்கிறது.

தாளை ஒளித்து வைக்கலாமா என்று நினைத்தேன். பிறகு அவரிடமே காட்டினேன். இந்த வீட்டில் ஒரு பொய்யை நிர்வகிப்பதே போதும், இரண்டாவதற்கு எனக்குத் தெம்பில்லை. அவர் கண்ணுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றேன். வரிசையாக மேலிருந்து கீழே படித்தார். சிவப்பு மை வரை வந்தார். அவருக்குப் புரிந்துவிட்டது, தூரத்தையும் நேரத்தையும் அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன். அவர் தலையை லேசாக ஆட்டி நிறுத்தினார். பிறகு சொன்னார்: "விடு. அன்னைக்கே தெரிஞ்சிருந்தா இவனை வாங்கியிருக்க மாட்டோம்."

இதைச் சொல்லி முடிக்க அவருக்கு நீண்ட நேரம் ஆயிற்று. எவ்வளவு என்று நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

தாள் எதற்காக வெளியே வந்தது என்று பிறகு கேட்டார். நீ குட்டி வாங்க நினைப்பதையும், நான் பதில் எழுதிக்கொண்டிருப்பதையும் சொன்னேன். "உண்மையை எழுது. படத்தைப் பாத்து ஏமாந்துடப் போறா" என்றார். நாயின் படத்தைத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். மேற்கொண்டு நான் கேட்கவில்லை.

இன்னும் ஒன்றுதான் பாக்கி. அதுவும் நாயைப் பற்றியதுதான்.

அவனுடைய வேலை மந்தையைச் சேர்ப்பது என்று எழுதினேன் அல்லவா? நம் வீட்டில் ஆடு இல்லாததால் நம்மைத்தான் மந்தையாக எடுத்துக்கொண்டான். நீ இருந்தபோது உனக்குத் தெரியும்: மூன்று பேரும் கூடத்தில் இருந்தால் படுத்துத் தூங்குவான். யாராவது ஒருவர் எழுந்து சமையலறைக்குப் போனால் அவனும் எழுந்துவிடுவான். "டிக்கெட் எடுக்காம இறங்கிட்டியாம், வந்து உக்காரு" என்று அப்பா உன்னை அதட்டுவார்.

இப்போது அப்பாவின் கட்டில் கூடத்தில் இருக்கிறது. நான் சமையலறையில் இருந்தால் அவன் அங்கிருந்து இங்கு, இங்கிருந்து அங்கு. ஒரு மணி நேரத்தில் இருபத்து மூன்று நடை, எண்ணினேன். அவன் களைத்துப் போகிறானே என்று நான் காய் நறுக்குவதையும் துணி மடிப்பதையும் கட்டிலுக்குப் பக்கத்திலேயே ஒரு முக்காலி போட்டுச் செய்கிறேன். அலுவலக வேலையையும் அங்கேயே விரிக்கிறேன். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் நாங்கள் இருவரும் இவ்வளவு நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்ததில்லை. அதற்கு நான் நாய்க்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

அப்படி உட்கார்ந்த பிறகும் அவன் படுப்பதில்லை. எங்கள் இருவரையும் ஒரு தடவை பார்ப்பான். உன் அறை வாசலுக்குப் போவான். கதவு திறந்துதான் இருக்கும். எட்டிப் பார்ப்பான். திரும்பி வந்து கட்டிலுக்கும் முக்காலிக்கும் நடுவில் நிற்பான். உட்காராமல் நின்றுகொண்டே இருப்பான். ஞாயிற்றுக்கிழமை உன் குரல் கேட்டால் கைப்பேசியின் பின்பக்கம் போய்த் தேடுகிறான். நீ அதைப் பார்த்துச் சிரித்தாய். அப்பாவும் சிரித்தார். பேசி முடித்த பிறகு அவர் அவனைப் பார்த்து, "என்னடா, ஒரு டிக்கெட் குறையுதா?" என்று கேட்டார்.

பதினெட்டு மாதமாக அவன் இந்த வீட்டில் முழுதாக ஒரு நாள் தூங்கவில்லை. எத்தனை நிமிடம் ஓடினாலும் தீராத குறை அது. நானும் ஓவர்டேக்கும் சேர்ந்து ஓடினாலும் தீராது.

ஆகவே நீ கேட்டதற்கு என் பதில்: இப்போது வாங்காதே. இந்த வகை நாய்க்கு முதலில் வேண்டியது ஓட்டம் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். முதலில் வேண்டியது ஆட்கள் ஒன்றாக இருப்பது. அதை இங்கே வந்து உன் கண்ணால் பார்த்துவிட்டு முடிவு செய். பிறகு உனக்கு ஒரு நாய் வேண்டும் என்றே தோன்றினால், புதிதாக வாங்க வேண்டியிருக்காது. இதற்கு மேல் இந்த வரியை நீட்ட என்னால் முடியவில்லை.

வேலையை விட வேண்டாம். விடுப்புக் கேள். கிடைக்காவிட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று உனக்கே தெரியும். அப்பாவிடம் நான் வாக்கை மீறியதாகக் காட்டிக்கொள்ளாதே. நாயைப் பார்க்க வந்ததாகச் சொல். நம்புவது போல் அவர் நடிப்பார். அவருக்கு இன்னும் நன்றாக வருவது அது ஒன்று.

அடுத்த கால அட்டவணையை இங்கே நாங்கள் தயாரித்துக்கொண்டிருக்கிறோம். நான்கு மாதத்தில் அமலுக்கு வரும். அது வரை பொறுக்கலாமா என்று மருத்துவரிடம் கேட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். எனவே இப்போது நடைமுறையில் இருக்கும் அட்டவணையையே எழுதுகிறேன்: விமான நிலையத்திலிருந்து நம் தெருமுனைக்கு முதல் பேருந்து காலை ஐந்து இருபதுக்கு. ஐம்பத்தொரு நிமிடம். அது தாமதமாவதில்லை, நானே நேரம் போட்ட தடம். நீ வந்து இறங்கும் நேரத்தில் நானும் அவனும் கால்வாய்க் கரைக்குப் போகாமல் வாசலிலேயே நிற்போம்.

நீயும் மாப்பிள்ளையும் கை கால் சுகத்தோடு, நினைத்த இடத்துக்கு நினைத்த நேரத்தில் நடந்து போகிறவர்களாக, வெகுகாலம் இருக்க வேண்டும்.

அன்புடன்,
அம்மா

பி.கு.: காதை மூடிக்கொள்.